சாலும் அளவு

கடந்த இரண்டு மாதங்களாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. ஆய்வேட்டின் நான்காம் இயலுக்குள் மூழ்கியிருக்கிறேன் என்று நெறியாளர் உள்ளிட்ட சிலர் நம்பிக்கொண்டிருந்தனர். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் அந்நாட்களின் பெரும்பகுதி குப்பத்தில் ஒரு கார்ப் பட்டறையில், எந்த வண்டியிலிருந்தோ கழற்றிப் போட்ட கிழிந்த சீட்டின்மேல் உட்கார்ந்தபடி கழிந்தது. காரணம், எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு போல்ட். அதை மாட்டியவளும் நான்தான், இறுக்கியவளும் நான்தான். அது கழன்றபோது வண்டியில் என் அம்மா இருந்தார்.

திராவிடப் பல்கலைக்கழகத்தில் பட்டறைத் தொழில்களில் வழங்கும் சொற்களை நான் ஆய்ந்துவருவது நண்பர்களுக்குத் தெரியும். 1997இல் இப்பல்கலைக்கழகம் அமைந்த ஊர் மூன்று மாநிலங்கள் கூடுமிடம். இங்கே ஒரு மெக்கானிக் ஒரே வாக்கியத்தில் தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும், இடையிடையே உருதுவையும் கலந்து பேசுவார். அதைப் பதிவுசெய்வதே என் வேலை. இறுக்குதல் என்ற ஒரு வினைக்கே என்னிடம் ஒரு கட்டு அட்டைகள் இருந்தன: தமிழில் முடுக்கு, திருகு, 'டைட் வை', தெலுங்கில் 'பிகின்சு', கன்னடத்தில் 'பிகி மாடு'. ஒருவர் முகம்கொடுத்துப் பேசாமல் இறுக்கமாக இருந்தால் 'பிகு செய்கிறார்' என்று தமிழில் சொல்கிறோமே, அந்தப் பிகுவையும் இவற்றோடு சேர்த்து வைத்திருந்தேன். சொற்கள் எல்லாம் இருந்தன. அவை குறிக்கும் செயலைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது.

கார் அப்பாவுடையது. வாணியம்பாடிப் பக்கம் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே செய்வார். அவர் மறைந்த பின் அம்மா என்னோடு குப்பத்துக்கு வந்தபோது காரும் ஒரு தகரப் பெட்டி நிறையக் கருவிகளும் பழுதுபார்ப்புக் கையேட்டின் ஒளிநகலும் கூடவே வந்தன. ஓராண்டு நிறையும்வரை மலைக்குப் போவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். தலைத்திவசம் முடிந்ததும் அம்மா கேட்டது ஒன்றே: திருப்பதிக்குப் போக வேண்டும், அப்பாவின் வண்டியிலேயே போக வேண்டும்.

முன்சக்கரப் பேடுகள் தேய்ந்திருந்தன. அப்பா செய்ததை நானும் செய்யலாமே என்று தோன்றியது. பேட் மாற்றுவது கடினமான வேலையன்று என்பதை இன்றும் சொல்வேன். கடினம் கடைசி அரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

இந்த உறுப்பைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்கம். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிப்பதுதான் டிஸ்க் பிரேக். கவ்வும் கைக்குக் காலிப்பர் என்று பெயர். நம் சிறிய கார்களில் அது ஒரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை; கைடு பின் எனப்படும் இரண்டு வழவழப்பான தண்டுகளின் துணையோடு உள்ளும் வெளியும் நகரும். அந்தத் தண்டுகளோடு காலிப்பரைச் சேர்ப்பவை இரண்டு சிறிய போல்ட்டுகள். தண்டுகளைத் தாங்கும் பிராக்கெட் என்ற கனத்த வார்ப்பை வண்டியின் அச்சுப் பகுதியோடு சேர்ப்பவை வேறு இரண்டு பெரிய போல்ட்டுகள். ஆக, ஒரு சக்கரத்துக்கு நான்கு. பேட் மாற்றப் பெரும்பாலும் சிறியவற்றைத் தொட்டாலே போதும். சில வண்டிகளில் கீழ்ப் போல்ட்டை மட்டும் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கிவிடலாம். டிஸ்க்கையே மாற்றுவதென்றால் பெரியவற்றையும் கழற்ற வேண்டும்.

இடப்பக்கம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அல்லது நடந்ததாக நினைத்தேன். வலப்பக்கம் கீழ்ப் போல்ட்டை இறுக்கும்போது ஓர் அச்சம் வந்தது. பிரேக் அல்லவா, இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று நீளமான கைப்பிடியைப் போட்டு இழுத்தேன். இறுகிக்கொண்டே வந்தது சட்டென்று வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மெத்தென்று ஆயிற்று. மரை போய்விட்டதோ என்று பயந்து கால் சுற்றுப் பின்னுக்குத் திருப்பினேன். மறுபடி மெல்ல முன்னுக்குத் திருப்பி, 'இது போதும்' என்று எனக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தினேன். சக்கரத்தை மாட்டினேன். பிரேக் மிதியைச் சில முறை அழுத்திக் கெட்டிப்படுத்திக்கொண்டு தெருவில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே நின்றது. மனிதர்கள் தாம் தவறாகச் செய்த வேலையைச் சரிபார்க்கும் முறையும் தவறாகவே இருக்கும்.

குப்பத்திலிருந்து வெங்கடகிரிகோட்டா, பலமனேர் வழியாகச் சித்தூர் போகும்போது மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பிலிருந்து மொகிலி கணவாயில் இறங்க வேண்டும். கனரக லாரிகளும் பேருந்துகளும் இறங்கும் சாலை அது. விபத்துகளால் பெயர் பெற்றதும்கூட. இறக்கத்தின் நடுவே வலது முன்சக்கரத்தில் 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. பிரேக்கை மிதித்தால் ஒரு டக். விட்டால் ஒரு டக். அம்மாவுக்கும் கேட்டது. "பாப்பா, யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கே" என்றார். கியரைக் குறைத்து, மிதியைத் தொடாமல், முடிந்தவரை ஓரமாக ஊர்ந்து இறங்கினேன். சமதளம் வந்ததும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினேன். கீழ்ப் போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்து, விரலால் தொட்டாலே சுழன்றது. காலிப்பர் மேற்போல்ட்டில் மட்டும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அது முழுவதும் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகு பாய் எனக்கு விளக்கினார். கீழ்ப்பிடி போன காலிப்பர் மேலே சுழன்று சக்கரத்தின் உட்புறத்தில் மோதும். அதனோடு இணைந்த ரப்பர் குழாய் இழுபட்டு அறுந்தால் பிரேக் எண்ணெய் கொட்டிவிடும். இன்றைய கார்களில் எண்ணெய்ச் சுற்று இரண்டாகப் பிரிந்திருப்பதால் பாதிப் பிரேக்கேனும் மிஞ்சும். மிஞ்சிய பாதியோடு, முன்னே ஒரு லாரி போக, கணவாயில் இறங்கியிருப்போம்.

போல்ட்டைக் கையால் முடுக்கிச் சித்தூர்வரை ஊர்ந்தோம். அங்கே ஒரு பட்டறையில் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் திருப்பதிக்குப் போனோம். அம்மா என்னை ஒரு சொல்கூடக் கடியவில்லை; "அப்பா இருந்தா ஒரு தடவ தொட்டுப் பாத்திருப்பாரு" என்று மட்டும் சொன்னார். திருமலையிலிருந்து இறங்கும் வண்டிகள் 1944இல் திறக்கப்பட்ட பழைய மலைச்சாலையில்தான் வரும். ஏறுவதற்கான சாலை 1974இல் வந்தது. அன்று இறக்கத்தின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பேருந்தின் பிரேக் ஒலியையே கேட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த அம்மா கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், காரணம் வேறு.

குப்பத்துக்குத் திரும்பியதும் போல்ட்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். மூன்றாண்டுகளாக எனக்குச் சொற்கள் தந்துவரும் மூத்த மெக்கானிக் அவர். என்னை 'டீச்சரம்மா' என்றே அழைப்பார். நான் ஆசிரியை இல்லை என்று சொல்லிச் சலித்துவிட்டேன். போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் புதுப் போல்ட் ஒன்றின் மரையோடு மரையாக ஒட்டிக் காட்டினார். முதல் சில மரைகள் ஒன்றோடொன்று பொருந்தின. பிறகு சிறிது சிறிதாக விலகின. "இழுத்துட்டீங்க. நீண்டுடுச்சு. இனிமே இது போல்ட் இல்ல, வெறும் கம்பி" என்றார்.

அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. போல்ட் என்பது குறுக்கே நின்று தடுக்கும் ஆப்பு என்றே நான் எண்ணியிருந்தேன். அது உண்மையில் ஒரு சுருள்வில். இறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது; நீண்டது சுருங்க முனைகிறது; அம்முனைப்பே இரண்டு பரப்புகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தத்தால் பிறக்கும் உராய்வுதான் காலிப்பரை நகராமல் நிறுத்துகிறது. அழுத்தம் குறைந்தால் பரப்புகள் மயிரிழை அளவு பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும். அப்படி வழுக்கும் ஒவ்வொரு முறையும் மரை சற்றே பின்னுக்குச் சுழலும். போல்ட்டுகள் தாமே கழல்வதற்கு நீளவாட்டில் இழுபடுவதைவிட இந்தப் பக்கவாட்டு அசைவே பெருங்காரணம் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969இல் ஒரு சோதனைக் கருவி கொண்டு காட்டினார். இணைப்பைக் குறுக்காக ஆட்டியபடி அதன் பிடி எப்படிக் குறைகிறது என்று அளக்கும் அச்சோதனை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. நாம் பெரிதும் நம்பும் ஸ்பிரிங் வாஷர் அதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

நான் செய்தது இரட்டைப் பிழை. முதலில் போல்ட்டை அதன் மீள்திறனுக்கு அப்பால் இழுத்தேன்; அந்த 'மெத்' என்ற உணர்வு அதுதான். பிறகு பயந்து தளர்த்தினேன். மிகையும் குறையும் ஒரே போல்ட்டில், ஒரே மாலையில். குறை எது என்று கேட்டால் எல்லோரும் தளர்த்தியதைச் சொல்வார்கள். ஆனால் என் பிழை அதற்கு முன்பே, நீளமான கைப்பிடியைக் கையில் எடுத்தபோதே தொடங்கிவிட்டது.

எங்கள் வண்டிக் கையேடு சிறிய போல்ட்டுக்குச் சொல்லும் அளவு 25 நியூட்டன் மீட்டர். (இது எல்லா வண்டிக்கும் உரியதன்று; உங்கள் வண்டிக்கு உரிய கையேட்டைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்குள்ளேயே அளவு மாறும்.) முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் எட்டரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. எட்டரைக் கிலோ என்பது ஒரு சிறு குடம் தண்ணீர். அந்தச் சின்ன இழுப்பு எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குள் ஏறத்தாழ ஒன்றரை டன் எடைக்கு ஈடான இழுவிசையை உண்டாக்குகிறது. மரையின் சரிவு அத்தகைய நெம்புகோல். பெரிய பிராக்கெட் போல்ட்டுக்கு எங்கள் கையேட்டில் 85. அதற்கு அதே ஸ்பேனரில் இருபத்தொன்பது கிலோ வேண்டும். உடம்பைச் சாய்த்து இழுத்தால்தான் வரும். நம் கைக்கோ இரண்டுமே ஒன்றுதான். ஏறத்தாழ ஒரே அளவு பலத்தைத்தான் அது எங்கும் செலுத்தப் பார்க்கும். அதனால் சிறியது மிகையாகவும் பெரியது குறையாகவும் போகிறது.

இதைச் சொன்னபோது பாய் சிரித்தார். "அதுக்குத்தான டீச்சரம்மா சின்ன ஸ்பேனர் குட்டையா இருக்கு, பெரிய ஸ்பேனர் நீளமா இருக்கு" என்றார். நான்கு ஆண்டுகளாக ஸ்பேனர்களின் பெயர்களை எழுதியவள் அவற்றின் நீளத்தைக் கவனித்ததில்லை. செய்தவர்கள் அளவை இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சிறிய ஸ்பேனரில் குழாயைச் சொருகி நீட்டுபவன் அந்த எழுத்தை அழிக்கிறான்.

அப்பாவின் கையேட்டை அதன்பின்தான் ஒழுங்காகப் புரட்டினேன். பிரேக் பகுதியில் அளவுகளின் கீழே சிவப்பு மையில் கோடு. விடைத்தாள் திருத்தும் அதே கோடு. ஓரத்தில் '30 செ.மீ. – 8½' என்றும் அதற்குக் கீழே '45 செ.மீ. – 19' என்றும் எழுதியிருந்தார். பேட் மாற்றிய நாளில் அதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பாகத்தின் அளவு என்று கடந்துபோனேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாவது 25 நியூட்டன் மீட்டர், இரண்டாவது 85. கருவிப்பெட்டியின் அடியில் கிடந்த கொக்கி வைத்த வில்தராசு நினைவுக்கு வந்தது. பழைய செய்தித்தாள் எடைபோட வைத்திருக்கிறார் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பள்ளி ஆய்வகத்தில் எட்டாம் வகுப்புக்குக் காட்டும் அதே வில்தராசு. அதை ஸ்பேனரின் நுனியில் மாட்டி, செங்குத்தாக இழுத்து, முள் எட்டரையைத் தொட்டதும் நிறுத்தியிருக்கிறார். பெரிய போல்ட்டுக்கு முப்பது சென்டிமீட்டர் போட்டால் தராசின் 25 கிலோ எல்லையைத் தாண்டிவிடும். அதனால்தான் நாற்பத்தைந்து.

தராசைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பாய் முதலில் "இதென்ன டீச்சரம்மா, புளி நிறுக்கவா?" என்று கேட்டார். பிறகு வைஸில் ஒரு பழைய பிராக்கெட்டைப் பிடித்து, முள்ளைப் பார்க்காமல் தராசின் வழியே இழுத்து, போதும் என்று தோன்றும் இடத்தில் சொல்லச் சொன்னேன். சிறிய போல்ட்டில் அவர் கை ஒவ்வொரு முறையும் கையேட்டுக்கு மிக அருகிலேயே நின்றது. முப்பதாண்டுக் கை. பெரியதில் மட்டும் எப்போதும் சற்றுக் குறைந்தது. அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. தோளில் வலி இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. தராசைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டு, "பெருசுக்கு மட்டும் இனிமே பையனக் கூப்புட்டுக்கிறேன்" என்றார். என் முறை வந்தபோது சிறியதில் எட்டரைக்கு மாறாகப் பதினைந்தைத் தாண்டிவிட்டேன். பட்டறையே சிரித்தது.

ஆய்வு உதவித்தொகை வந்த மாதம் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். இக்கருவியின் கதையும் மிகை இறுக்கத்தில்தான் தொடங்குகிறது. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர் 1918 வாக்கில், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மேல் இறுக்கிவிடாமல் தடுக்க இதை உருவாக்கினார். தளர்வைக் கண்டு அஞ்சிப் பிறந்த கருவி என்றே யாரும் நினைப்போம். நம் பக்கத்தில் பிரேக்கும் போல்ட்டும் தொழிலாக வளர்ந்தது சென்னைப் பாடியில். 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும் 1966இல் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸும் தொடங்கப்பட்டன, இரண்டும் டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தவை. போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் 8.8, 10.9 என்ற எண்களைப் படிக்கப் பாயின் பட்டறைப் பையன்தான் எனக்குக் கற்றுத்தந்தான். புள்ளிக்கு முன்னுள்ள எண் அறுபடும் வலிமை. பின்னுள்ளது அதில் எத்தனை பங்குவரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டனில் அறும். அதில் பத்தில் எட்டுப் பங்குவரை இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பும். பத்தாம் வகுப்பு முடிக்காதவன் அவன்.

ரெஞ்ச் வாங்கியதும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நாம் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி போல்ட்டின் தலைக்கு அடியிலுள்ள உராய்விலேயே போய்விடுகிறது; இன்னும் பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்வில். மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. ரெஞ்ச் அளப்பது நம் உழைப்பை. நமக்கு வேண்டியதோ போல்ட்டின் நீட்சி. இடையில் நிற்கும் உராய்வு துருவாலும் மண்ணாலும் எண்ணெயாலும் மாறிக்கொண்டே இருக்கிறது. கையேடு உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரையில் போட்டால், ரெஞ்ச் சரியாகவே 'டிக்' என்னும். உள்ளே போல்ட் மூன்றில் ஒரு பங்கு மிகையாக இழுபட்டிருக்கலாம். (கேள்வித்தாள்களால் மனப்பான்மையை அளக்கும் என் துறைசார்ந்த நண்பர்கள் இங்கே சற்று நின்று செல்லலாம்.) நான் அன்று கைடு பின்னுக்குப் போட்ட கிரீஸ் விரலோடு வந்து மரையிலும் ஒட்டியிருந்ததைப் பிறகே உணர்ந்தேன்.

எனவே பாயின் பட்டறையில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நீங்களே செய்யாவிட்டாலும், செய்பவர் பக்கத்தில் நின்று பார்க்க உதவும். வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நம்பி வைக்காமல் ஸ்டாண்டு கொடுக்கிறார்கள். கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் சுருள்வில்லோடு கட்டுகிறார்கள். மேல்பின்னும் கீழ்பின்னும் ஒன்றுபோல் தோன்றினாலும் சில வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் நுனியில் ரப்பர் உறை இருக்கும். மாற்றிப் போட்டால் காலிப்பர் சிக்கும். பின்னுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டுமே. சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிவிடும். போல்ட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, முதல் சில சுற்றுகளை விரலாலேயே போடுகிறார்கள். விரலுக்கு வராத போல்ட் ஸ்பேனருக்கும் நேராக வராது; கோணலாக ஏறி மரையைத் தின்றுவிடும். பெரிய போல்ட்டுகளில் பல, மரையில் பூட்டுப்பசை தடவி வருபவை. புதியதே போட வேண்டும் என்று கையேடு சொன்னால் பழையதைப் போடக் கூடாது.

இனி அந்தக் கடைசி அரை நிமிடம். சிறிய போல்ட்டை இறுக்கும்போது கைடு பின் கூடவே சுழலப் பார்க்கும். அதன் தட்டையான பக்கத்தை ஒரு பிக்ஸ் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் ரெஞ்ச் முறுக்குவது பின்னைத்தான், போல்ட்டையன்று. ரப்பர் உறையும் கிழியும். ரெஞ்சின் கைப்பிடியில் அதற்கென்று உள்ள இடத்தைப் பிடித்து, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக இழுக்க வேண்டும். 'டிக்' கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒரு முறைதான். உறுதிக்காக இன்னொரு டிக், மனநிம்மதிக்காக மூன்றாவது டிக் என்று போனால் ஒவ்வொன்றும் சிறிது கூடுகிறது. ரெஞ்சில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். 25ஐ நியூட்டன் மீட்டரில் வைக்காமல் அடி-பவுண்டில் வைத்தால் அது 34 ஆகிவிடும். அதன் அளவெல்லையின் அடிமட்டத்தில் ரெஞ்சை நம்பக் கூடாது. சக்கர நட்டுக்கான பெரிய ரெஞ்சால் சிறிய போல்ட்டை இறுக்கினால் டிக் கேட்காமலே போகலாம். கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். உள்ளே இருப்பதும் ஒரு வில்தான். எல்லாம் முடிந்ததும் பாய் போல்ட்டின் தலையிலிருந்து காலிப்பர்வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுக்கிறார். அடுத்த முறை பார்க்கும்போது கோடு முறிந்திருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது. வண்டி நகரும் முன் பிரேக் மிதியை அழுத்திக் கெட்டிப்படுத்துவதை அவர் யாருக்கும் விடுவதில்லை. தாமே ஏறி மிதிக்கிறார்.

இனி என் துறைக்கு வருகிறேன். நான் முதன்முறை ரெஞ்சைப் பிடித்த நாளில் பையன் பக்கத்தில் குந்தியிருந்தான். டிக் கேட்டது. என் கை பழக்கத்தில் இன்னும் போகப் பார்த்தது. அவன் என் மணிக்கட்டைத் தொட்டு, "சாலு அக்கா" என்றான்.

சாலு என்றால் தெலுங்கில் போதும். அந்தச் சொல்லை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு இலையில் சோறு விழும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் அட்டைகளில் அது இல்லை. இறுக்குவதற்கான சொற்களை மூன்று மொழியிலும் தேடியவள், நிறுத்துவதற்கான சொல்லை ஒன்றிலும் தேடவில்லை. கேள்விப்பட்டியலிலேயே அதற்கு இடமில்லை. இது சிறு விடுபாடன்று. வினைகளைத் தொகுத்துவிட்டு அவற்றின் எல்லைகளை விட்டுவிட்டேன். நான்காம் இயல் இதனால் சரிந்தது. நெறியாளரிடம் சொல்லிவிட்டேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுதுங்கள்" என்றார்.

சாலு தமிழுக்கு அயலான சொல்லுமன்று. சால் என்ற நம் பழைய வினைக்கு நிறைதல், தகுதியாதல், போதியதாதல் என்றெல்லாம் பொருள். அதிலிருந்துதான் சால்பும் சான்றோரும் பிறந்தனர். திருக்குறளின் 99ஆம் அதிகாரத் தலைப்பான சான்றாண்மையும் அவ்வழி வந்ததே. கன்னடத்தின் 'சாகு'வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் அதை அறத்துக்கும் புலமைக்கும் உயர்த்திவிட்டு, அன்றாடத்துக்குப் 'போதும்' என்பதை வைத்துக்கொண்டோம். தெலுங்கு அதைச் சோற்றுக்கும் போல்ட்டுக்கும் இன்னும் வைத்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெலுங்கில் 'சாலு' என்றால் போதும். 'சாலா' என்றால் மிகுதி. ஒரே வேர், கடைசி உயிர்தான் வேறு. என் வலது முன்சக்கரத்தில் நான் அன்று கடந்தது அந்த இடைவெளியைத்தான்.

போன மாதம் வண்டியிலேயே திருமலைக்குப் போய்வந்தோம். மொகிலி இறக்கத்துக்கு முன் பலமனேரில் நிறுத்தி, சக்கரத்தின் இடுக்கு வழியே கைபேசி விளக்கை அடித்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். முறியவில்லை. அம்மாவும் இறங்கிவந்து குனிந்து பார்த்தார். என்ன பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வில்தராசு பின்சீட்டில் இருந்தது. ரெஞ்ச் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும் பாப்பா" என்றார்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறையில், தச்சுக்கூடத்தில், தறிக்கூடத்தில் ஒருவர் இறுக்கிக்கொண்டிருக்கும்போது 'இதோடு நிறுத்து' என்று சொல்ல என்ன சொல் வழங்குகிறது? கொங்குப் பகுதி, நாஞ்சில் நாடு, யாழ்ப்பாணம், மலையகம் எல்லாமே எனக்கு வேண்டும். சொல்லோடு ஊரையும் தொழிலையும் குறிப்பிட்டுக் கீழே எழுதுங்கள். 'டைட்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதில் அட்டைகள் நிரம்பிவிட்டன.